சாலை போகாத பூங்கா

மயாமியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் ஹோம்ஸ்டெட் வரும். மாந்தோப்பு, வெண்டைக்காய்த் தோட்டம், நாற்றுப் பண்ணை. அங்கிருந்து கடலைப் பார்த்து ஒரே நேராக ஒரு சாலை போகிறது. ஒன்பது மைல் போனதும் அது அப்படியே தீர்ந்துவிடும். அந்த முனைக்குப் பெயர் கன்வாய் பாயின்ட். ஒரு பார்வையாளர் மையம், அதற்குள் சின்னதாக ஒரு காட்சிக்கூடம், தண்ணீரை ஒட்டி நடைபாதை, அவ்வளவுதான். பிஸ்கேன் தேசியப் பூங்காவில் காரில் வந்தவர் பார்க்கக்கூடியது ஏறக்குறைய இத்துடன் முடிந்தது.

ஏறக்குறைய 1,73,000 ஏக்கர் பூங்கா. அதில் 95 சதவீதம் தண்ணீர். மிச்ச ஐந்து சதவீதத்தில் கரையோரத்துச் சதுப்புக்காடு போக, உள்ளதெல்லாம் கிழக்கே வரிசையாகக் கிடக்கும் தீவுகள். அவற்றில் பெரியதான எலியட் கீ கரையிலிருந்து ஏழெட்டு மைல். பாலம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது. வாசலே இல்லாத இடத்தில் யார் நின்று சீட்டுக் கிழிப்பது? கட்டணம் வேறு ரூபத்தில் வரும்: உன்னிடம் படகு இருக்க வேண்டும், அல்லது படகு வைத்திருப்பவனைத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டிப்போகும் சுற்றுலாப் படகுகளும் உண்டு. ஆனால் அவை போகிற இடத்துக்கு, போகிற நேரத்துக்குத்தான் போகும்.

நான் இரண்டாம் வகை. படகு வைத்திருக்கும் நண்பர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் தள்ளிய குடும்பம். இவர் கணினி வேலைக்கு வந்து, பத்து வருஷம் கழித்து, யாரோ கைகழுவிய இருபத்தோரு அடிப் படகு ஒன்றை வாங்கினார். நடுவில் சுக்கான் மேடை, பின்னால் அவுட்போர்டு எஞ்சின், மேலே வெயிலுக்கு ஒரு துணிக்கூரை. வார நாளில் அது அவர் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும். ஊரில் இருந்து வந்திருந்த அவருடைய அப்பா முதல் தடவை அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இதுல என்ன மக்ளே புடிக்கப் போறிய?"

"ஒண்ணும் புடிக்கல மாமா. சும்மா போய்ட்டு வருவோம்."

"சும்மா போறதுக்கா இம்புட்டு பெட்ரோலு?"

அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

பூங்காவை ஒட்டியே கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் படகுத்துறை இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் சரிவுக்கு முன்னால் வரிசை நிற்கும். படகு இறக்கும் சரிவைப் போல மனிதர் குணம் காட்டும் இடம் வேறில்லை. டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். புதிதாகப் படகு வாங்கியவர் இறங்கி ஏறி, இறங்கி ஏறி வியர்த்துக்கொண்டிருக்க, கூட வந்த மனைவி கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பின்னால் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனையைக் கத்துவார்கள். தண்ணீரில் விடுவதற்கு முன்னால் படகின் அடியில் உள்ள வடிகால் துளைக்குத் திருகு அடைப்பானைப் போட்டாயிற்றா என்று நண்பர் மூன்று முறை குனிந்து பார்ப்பார். கட்டைவிரல் பருமன் உள்ள பித்தளைத் துண்டு அது. அதை மறந்தவர்களின் படகு சரிவிலேயே பின்பக்கம் தாழ்ந்து உட்காருவதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் உண்டு.

சட்டம் கொஞ்சம் இருக்கிறது. 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் பத்துக் குதிரைத் திறனோ அதற்கு மேலோ உள்ள எஞ்சினை ஃப்ளோரிடாவில் ஓட்ட, படகுப் பாதுகாப்புப் படிப்பு முடித்த அட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவருக்கு ஒன்றும் வேண்டாம். கடலையே பார்த்திராத அறுபது வயதுக்காரர் கடனில் படகு வாங்கி அன்றைக்கே கிளம்பிவிடலாம். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை படகில் இருக்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், இந்த அளவுப் படகு ஓடும்போது அதைப் போட்டே ஆக வேண்டும். மாமாவுக்கும் ஒன்றை நீட்டினோம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வாய்க்காலைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும். மானட்டி என்னும் கடற்பசுக்கள் மேலே வந்து மூச்சுவிடும் இடம் என்று பலகை எழுதியிருக்கும். வேகமாக வரும் படகு அடித்த தழும்பு இல்லாத வளர்ந்த கடற்பசுவை ஃப்ளோரிடாவில் பார்ப்பதே அபூர்வம். தழும்பின் வடிவத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒன்றிலிருந்து ஒன்றை அடையாளம் பிரிக்கிறார்கள். வாய்க்கால் முடிந்ததும் விரிகுடா திறக்கிறது. வலப்பக்கம் திரும்பினால் தெற்கே டர்க்கி பாயின்ட் அணுமின் நிலையம். இரண்டு அணு உலைகளும் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஓடுகின்றன. அதன் குளிர்விப்பு வாய்க்கால்கள் மொத்தம் 168 மைல் நீளம். அந்த வெந்நீர் வாய்க்கால் கரையில் அமெரிக்க முதலைகள் முட்டையிட்டுப் பெருகியிருக்கின்றன. கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த மாமா, ‘இங்கயுமா’ என்று ஒரு பார்வை பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிஸ்கேன் விரிகுடாவின் ஆழம் ஏமாற்றும். எட்டுத் திசையிலும் கடல்; ஆனால் பல இடத்தில் ஆள் இறங்கினால் இடுப்பளவு. ஓத ஏற்ற இறக்கம் பெரிதில்லை என்றாலும், இடுப்பளவுத் தண்ணீரில் ஓரடி வற்றினால் படகுக்குக் கதை முடிந்தது. நண்பருக்கு முன்னால் வரைபடத்திரை இருக்கிறது. ஆழமானி இருக்கிறது. ஆனாலும் இங்கே படகு ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம் தண்ணீரின் நிறம்தான். பழுப்பென்றால் தட்டும், வெளுப்பென்றால் உரசும், பச்சையென்றால் போகலாம், நீலமென்றால் கவலையில்லை. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், போலராய்டு கண்ணாடி போட்டிருக்க வேண்டும், மேகம் கூடாது. மேகத்தின் நிழல் அப்படியே கடற்புல் திட்டு மாதிரியே தெரியும்.

மாமா முன்னணியத்தில் உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டே வந்தார். "அங்க புல்லு. இந்தப் பக்கம் மணலு." திரையில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் பாதி நேரம் திரை முந்திக்கொண்டது. ஒருமுறை அவர் புல் என்று காட்டியது மேகத்தின் நிழல். "நம்ம தண்ணி கலங்கல் மக்ளே. இது கண்ணாடி. கண்ணாடில ஆழம் தெரியாது" என்றார். அது சரியான காரணம். மன்னார் வளைகுடாவில் ஓட்டிய கண்ணுக்கு இந்தத் தெளிவு பழக்கமில்லை.

பழுப்பாகத் தெரிகிற இடத்தில் இருப்பது கடற்புல். பாசியோ பாறையோ இல்லை. வேரும் தண்டும் பூவும் உள்ள நிஜமான பூக்கும் தாவரம். இங்கே அதிகம் இருப்பது தலாசியா இனத்து ஆமைப்புல். அதே பேரினத்தின் இன்னொரு வகை நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருக்கிறது. கடற்பசு தின்பதும் இதைத்தான், இறால் குஞ்சு ஒளிவதும் இதற்குள்தான். மண்ணைப் பிடித்து வைத்து நீரைத் தெளியவைப்பதும் இதுவே. ஆழம் தெரியாமல் ஒரு படகு இதற்குள் புகுந்தால் எஞ்சினின் விசிறி, ஏர் ஓட்டியதைப்போல் புல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆமைப்புல்லின் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் படுக்கையாக ஓடுவது. அது அறுந்தால் மறுபடி கூடப் பத்து ஆண்டுவரை ஆகும். அதற்குள் ஓட்டம் அந்தப் பள்ளத்து மண்ணை அரித்து அகலப்படுத்திவிடும். வானிலிருந்து எடுத்த படங்களில் இந்த விரிகுடாவின் தரை முழுக்கக் கீறலாகத் தெரியும். ஒவ்வொரு கீறலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எலியட் கீ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு படகு அப்படி ஏறி நின்றிருந்தது. மூன்று எஞ்சின் மாட்டிய பெரிய படகு. பாட்டுச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் எஞ்சினை முறுக்கி வெளியே வரப் பார்க்கிறார். பின்னால் பாலும் சேறும் கலந்த மாதிரி தண்ணீர் கொப்புளிக்கிறது. அறுந்த புல் மிதந்து நம்மைத் தேடி வருகிறது. அப்போது செய்ய வேண்டியது என்னவோ சுலபம். எஞ்சினை நிறுத்து, மேலே சாய்த்துத் தூக்கு, ஆளெல்லாம் இறங்கித் தள்ளு; முடியாவிட்டால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஓதம் ஏறும்வரை இரு. நண்பர் வானொலியில் பதினாறாம் அலைவரிசையில் கூப்பிட்டுப் பார்த்தார், பதிலில்லை. அந்த ஆரவாரத்தில் வானொலி யாருக்குக் கேட்கும்? மாமாதான் எழுந்து நின்று, முண்டாசுத் துணியை அவிழ்த்துச் சுழற்றி, தமிழிலேயே கத்தினார். "லேய், நிறுத்துலே! நிறுத்திட்டு எறங்கித் தள்ளுலே!" அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். எஞ்சினை அணைத்தார். நான்கு பேர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். என்ன புரிந்ததோ தெரியாது, குரலின் தோரணை புரிந்திருக்கும்.

எலியட் கீயில் கட்டிவிட்டு இறங்கினால் காட்டுக்குள் ஒரு நேர்ப்பாதை. தீவின் வடக்கிலிருந்து தெற்கு வரை, ஏழு மைல். இரண்டு பக்கமும் மரம் அடைத்து, மேலே கிளை மூடி, நடக்க அருமையான நிழல். இதற்குப் பெயர் வன்மச் சாலை. பெயர்க் காரணத்தைச் சொல்லாமல் இந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்லவே முடியாது.

1960-களின் தொடக்கத்தில் இந்த விரிகுடாவுக்கு இரண்டு திட்டங்கள் காத்திருந்தன. ஒன்று, டேனியல் லட்விக் என்ற கப்பல் கோடீஸ்வரரின் சீடேட். கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதற்குக் கப்பல் வர, பவளத்தையும் புல்லையும் வெட்டி நாற்பது அடி ஆழத்துக்கு ஒரு கால்வாய். இன்னொன்று ஐலாண்டியா. தீவுகளில் நிலம் வைத்திருந்த ஒரு சிறு கூட்டம் 1960-இல் தாங்களே வாக்களித்துத் தங்களை ஒரு நகரமாக அறிவித்துக்கொண்டது. கரையிலிருந்து பாலம் வரும், விடுதிகள் வரும், நிலத்தின் விலை ஏறும் என்பது கணக்கு. எதிர்த்தவர்களும் வித்தியாசமான கலவை: தூண்டில்காரர்கள், இயற்கை ஆர்வலர்கள், மயாமி ஹெரால்டின் நிருபர் ஹுவானிட்டா கிரீன், தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்ற ஹூவர் குடும்பத்து வாரிசு ஹெர்பர்ட் ஹூவர் ஜூனியர், நாடாளுமன்ற உறுப்பினர் டான்டே ஃபாசெல். ஹூவர் தன் செலவில் அரசியல்வாதிகளை வான்கப்பலில் ஏற்றி விரிகுடாவின் மேல் சுற்றிக் காட்டினார் என்பது பதிவான செய்தி. மேலிருந்து பார்த்தால் வேறு வாதமே தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குக் கன்வாய் பாயின்ட் பார்வையாளர் மையத்துக்கு ஃபாசெலின் பெயர்தான்.

சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும், 1968-இல், ஐலாண்டியாக்காரர்கள் எலியட் கீயில் புல்டோசரை இறக்கினார்கள். ஆறு தடச் சாலை அகலத்துக்குத் தீவின் நடுவே காட்டை வழித்தெடுத்தார்கள். எங்கிருந்தும் எங்கும் போகாத சாலை. நீ காப்பாற்ற நினைக்கும் இடத்தைக் காப்பாற்ற லாயக்கில்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்பது தவிர அதற்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு பிஸ்கேன் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று. 1980-இல் தேசியப் பூங்கா. ஐலாண்டியா நகரம் காகிதத்தில் 2012 வரை உயிரோடு இருந்து, கவுண்டி கலைத்த பிறகே போனது. ஆறு தடமும் இப்போது மரம் மூடி ஒற்றையடியாகச் சுருங்கிவிட்டது.

அந்தப் பாதையில் கொசு. கொசு என்று ஒரு சொல்லில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. தூத்துக்குடி உப்பளக் கொசுவைத் தெரிந்தவன் சொல்கிறேன், இது அதற்கு அண்ணன். பத்து நிமிஷம் நின்றால் சட்டையின் மேலேயே உட்கார்ந்து குத்தும். கூடவே கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ. நண்பரின் அப்பா அரைமைலில் திரும்பிவிட்டார். நானும் நண்பரும் இன்னும் கொஞ்ச தூரம் போனோம், ஸ்காஸ் பட்டாம்பூச்சி தென்படுமா என்று. அழிவின் விளிம்பில் உள்ள, பழுப்பும் மஞ்சளுமான பெரிய வால்சிறகுப் பட்டாம்பூச்சி. உலகத்தில் அதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான வீடு இந்தத் தீவும் பக்கத்து ஃப்ளோரிடா கீஸும்தான். அதன் புழு தின்பது டார்ச்வுட் என்ற மரத்தின் இலையை. எலுமிச்சைக் குடும்பம். நம் வீட்டுக் கறிவேப்பிலையை மொட்டையடிக்கிற புழுவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது, இலையும் இதே குடும்பம். கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டால் நசுக்கிப்போடும் கைக்கு, இங்கே அதன் உறவினர் ஒருவருக்காகப் பூங்கா ஊழியர்கள் மரம் நடுவது கொஞ்சம் வேடிக்கைதான். அன்று எங்களுக்குத் தென்படவில்லை.

எலியட் கீயின் தென்முனையில் சீசர் கிரீக் என்று ஓர் ஓடை கடலுக்கு வழிவிடுகிறது. கறுப்பு சீசர் என்ற கடற்கொள்ளையன் ஒளிந்திருந்ததாகக் கதை. எனக்கு அந்தக் கொள்ளையனைவிட, ஓடைக்கு அந்தப் பக்கம் போர்கி கீயில் வாழ்ந்த குடும்பம்தான் முக்கியம்.

இஸ்ரேல் லஃபாயெட் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், வட கரோலினாவில் பிறந்தவர். 1897-இல் 300 டாலருக்குப் போர்கி கீயை வாங்கினார். அந்தக் காலத்து ஃப்ளோரிடாவில் ஒரு கறுப்பர் தீவு வாங்குவது என்றால் என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் வேண்டாத, பாறையும் கொசுவும் உள்ள தீவு என்பதால்தான் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பாறைப் பொந்துகளில் மண் இட்டு எலுமிச்சையும் அன்னாசியும் வளர்த்தார். மனைவி மோசெல் பஹாமாஸ்காரர். பிள்ளைகளுக்கு இஸ்ரேல் வைத்த பெயர்கள்: கிங் ஆர்தர், சர் லான்சிலாட். வெள்ளைக்காரர்கள் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் ஊரில், கூப்பிடும்போதே ‘ராஜா’, ‘சர்’ என்று சொல்ல வைத்த தகப்பன். எனக்கு இந்த மனுஷரை மிகவும் பிடிக்கும்.

எலுமிச்சை வியாபாரத்தைப் புயல்கள் முடித்துவைத்தன. லான்சிலாட் மீன்பிடி வழிகாட்டியானார். பக்கத்து ஆடம்ஸ் கீயில் மயாமி பீச்சை உருவாக்கிய கார்ல் ஃபிஷர் 1922-இல் கட்டிய கோகோலோபோ மன்றத்துக்குப் பணக்காரர்களும் ஜனாதிபதிகளும் வருவார்கள். தூண்டில் போட எங்கே மீன் நிற்கும் என்று காட்ட லான்சிலாட் வேண்டும். ஐலாண்டியாக்காரர்கள் நிலம் கேட்டு வந்தபோது ஆர்தரும் லான்சிலாட்டும் விற்கவில்லை. ஆர்தர் 1966-இல் இறந்த பின், 1970-இல் லான்சிலாட் தன் நிலத்தைப் பூங்காவுக்கு 12 லட்சத்து 72 ஆயிரத்து 500 டாலருக்கு விற்றார், தான் சாகும்வரை மூன்று ஏக்கரில் குடியிருக்கும் உரிமையோடு. பணம் வந்த பிறகும் அங்கேயே இருந்தார். பூங்காவுக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடற்பஞ்சைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி வருவதற்கு முன் ஊழியர்கள் வற்புறுத்திக் கரைக்கு அழைத்து வந்தார்கள். சூறாவளி வீட்டை எடுத்துக்கொண்டது. 1997-இல் தொண்ணூற்றொன்பது வயதில் இறந்தார்.

போர்கி கீயில் இன்றைக்கு அவர்கள் வீட்டின் அடித்தளக் கற்கள் கொஞ்சம் இருக்கின்றன, புதர் மண்டி. அருகே உள்ள ஜோன்ஸ் காயலுக்குள் எஞ்சின் படகு போகாது, துடுப்புப் படகுதான். அலையாத்தி வேரிடையே தலைகீழ் ஜெல்லிமீன்கள் பூப்போலக் கிடக்கும். மாமா இங்கேதான் அதிக நேரம் கேள்வி கேட்டார். அந்த ஆளிடம் என்ன படகு இருந்தது, தண்ணீருக்கு என்ன செய்தார், மீனை எங்கே விற்றார், பிள்ளைகள் உண்டா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதே. இரு சகோதரர்களோடு அந்த வீட்டுக் கதை முடிந்தது.

வடக்கே போக்கா சீட்டா கீ. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை, கூட்டமும் பாட்டும் அங்கேதான். ஹனிவெல் நிறுவனத்தின் மார்க் ஹனிவெல் 1930-களில் விருந்துக்காக வாங்கி வைத்திருந்த தீவு. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் 65 அடிக்கு அலங்காரக் கலங்கரை விளக்கம் ஒன்றைக் கட்டினார். வரைபடத்தில் இல்லாத விளக்கை ஏற்றினால் கப்பல் வழிதவறும் என்று கடலோரக் காவல் படை அணைக்கச் சொல்லிவிட்டதாம். அழகான துறை, தென்னை, புல்தரை. நல்ல தண்ணீர் கிடையாது, குளிக்க வசதி கிடையாது, உங்கள் குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும். நீண்ட வார இறுதிகளில் படகோடு படகு ஒட்டிக் கட்டி, பிரியாணி வாசனைக்குப் பதில் பன்றிக்கறி வாசனை அடிக்கும். நண்பர் மதியச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கொண்டுவந்திருந்தார். அங்கே தூண்டில் போட்ட ஒருவர் பிடித்த மீனை அளவுகோலில் வைத்து அளந்து, போதாதென்று கடலில் விட்டதைப் பார்த்து மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கறிக்கு ஆகாதுன்னு உட்டானா, சட்டத்துக்கு ஆகாதுன்னு உட்டானா?" சட்டத்துக்கு என்றோம். "அப்ப சரி" என்றார்.

காற்று அடங்கிய இன்னொரு நாளில் தீவுகளைத் தாண்டி வெளியே, ஃபோவி ராக்ஸ் பக்கம் போனோம். அங்கே தண்ணீருக்கடியில் கப்பல் சிதைவுகளின் வரிசை ஒன்றைப் பூங்கா மிதவை கட்டி அடையாளமிட்டு வைத்திருக்கிறது. நங்கூரம் போடக்கூடாது, மிதவையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தலாம். அதில் ஒரு கப்பலின் பெயர் அரட்டூன் ஆப்கார். 1861-இல் ஸ்காட்லாந்தில் கட்டி, கல்கத்தாவின் ஆப்கார் நிறுவனத்துக்காக ஓடியது. ஆர்மீனிய வணிகக் குடும்பம். இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிய கம்பெனி. பின்னால் கைமாறி, 1878 பிப்ரவரியில் லிவர்பூலிலிருந்து ஹவானாவுக்கு நிலக்கரி கொண்டுபோகும்போது இந்தப் பவளப் பாரில் தட்டியது. அப்போது அங்கே கலங்கரை விளக்கம் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பல் தங்கள் மேடையின் மேலேயே ஏறிவிடும் என்று தொழிலாளர்கள் பதறியிருக்கிறார்கள். அந்த ஜூனில் விளக்கு எரிந்தது, நான்கு மாதம் தாமதமாக. இப்போது இரும்பு விலா எலும்புகள் மேல் விசிறிப் பவளம். கீழே முகத்தை வைத்தால் கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம், அப்பளம் நொறுக்குவதுபோல், தெளிவாகக் கேட்கிறது. ஹூக்ளியில் மிதந்த இரும்பு.

திரும்பும் வழியில் எனக்கும் நண்பருக்கும் ஒரு பழைய வாக்குவாதம். சாலை வராததால்தான் இந்த இடம் பிழைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாலை இல்லாததால் இது யாருக்கு? ஹோம்ஸ்டெட்டில் தக்காளி பறிக்கிற மெக்சிகோ, குவாத்தமாலாக் குடும்பங்கள் பூங்காவுக்கு மிக அருகில் வாழ்பவர்கள். அவர்கள் கன்வாய் பாயின்ட்டில் சமையல் அடுப்பு மூட்டி, கரையில் உட்கார்ந்து, தீவுகளைத் தூரத்தில் ஒரு கோடாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். புல்லைக் கிழிப்பவர்களோ மூன்று எஞ்சின்காரர்கள். நண்பர், படகை ஓட்டத் தேர்வு வை, எல்லா வயதுக்காரருக்கும் வை என்பார். நான், சும்மா படகுக்காரனைக் கட்டுப்படுத்தினால் போதாது, தினமும் நாலு தடவை ஓடுகிற பொதுப் படகு விடு, பேருந்துக் கட்டணத்தில் விடு என்பேன். 

மன்னார் வளைகுடாவில் கதை தலைகீழ். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினோம். 560 சதுர கிலோமீட்டர். தீவில் இஷ்டத்துக்குக் கால்வைக்க அனுமதி இல்லை. பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டியதில் இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன என்பதால் தடைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே படகு வைத்திருப்பவர்கள் உல்லாசத்துக்கு வந்தவர்கள் இல்லை. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுத்து வயிறு கழுவியவர்கள். பூங்கா எல்லை அவர்கள் வேலைக்களத்தின் குறுக்கே விழுந்தது. மாமாவின் மச்சினர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். "இங்க படகு இருந்தா பூங்காக்குள்ள வா-ங்கான். அங்க படகு இருந்தா வராத-ங்கான்" என்று மாமா சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வேறு, கோபம் வேறு என்று பிரிக்க முடியாத சிரிப்பு.

இரண்டு இடத்திலும் காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான். 2021-இல் ஃப்ளோரிடாவில் 1,100-க்கும் மேற்பட்ட கடற்பசுக்கள் செத்தன. மயாமிக்கு வடக்கே உள்ள இந்தியன் ரிவர் காயலில் கழிவும் உரமும் கலந்து பாசி பெருகி, வெளிச்சம் கிடைக்காமல் புல் அழிந்து, பட்டினியில் பல செத்தன. கடைசியில் அரசு ஆட்கள் கனாவரல் முனை மின்நிலையத்துப் பக்கம் நின்று அவற்றுக்குக் கீரை வீசினார்கள். பாக் விரிகுடாவில் நம் பக்கத்துக் கடற்பசுவான ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒதுக்கியிருக்கிறது. புல் இருக்கும்வரை ஆவுளியா இருக்கும். வலையில் மாட்டினால் அறுத்து விட்டுவிடும் மீனவருக்குப் பரிசு கொடுத்து, கூட்டு சேர்த்து வேலை செய்வதாகப் படித்தேன். தடையைவிட அது நல்ல வழி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை போங்கள். அதற்குப் பிறகு மதிய இடியும் கொசுவும். வட காற்று பலமாக அடிக்கும் நாளில் விரிகுடா குட்டை அலையாகக் குலுக்கும், முதுகுத்தண்டு கேள்வி கேட்கும். தேசிய வானிலை மையத்தின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள், கைபேசியில் வெயில் படம் காட்டுகிற செயலியை நம்பாதீர்கள். படகு இல்லாதவர்களுக்குக் கன்வாய் பாயின்ட்டிலிருந்து வழிகாட்டியோடு படகுகள் போகின்றன, முன்பதிவு செய்ய வேண்டும். துடுப்புப் படகு கொண்டுபோனால் கரையோர அலையாத்தியை ஒட்டியே அரைநாள் ஓட்டலாம். அதற்கு எந்த அட்டையும் வேண்டாம். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர். கொசு மருந்து பெரிய புட்டியாக. புளிச்சோறு இருந்தால் எங்களையும் கூப்பிடுங்கள். படகு நாங்கள் கொண்டுவருகிறோம், பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.